படம் ஷபானா டிபார்ட்மென்ட்

1

ஜெர்மனியில் சம்பளம் வாங்கி வேலை பார்க்க அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கவும் அனுமதி வேண்டும் என்பது எனக்குப் போன குளிர்காலத்தில்தான் தெரிந்தது. நான் வேலை செய்யும் தொழில்நுட்பக் கல்லூரியின் பணியாளர் பிரிவிலிருந்து மிக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமைகளில் நீங்கள் இந்திய மாணவர்களுக்கு இணையத்தில் பாடம் நடத்துவதாக அறிந்தோம், மகிழ்ச்சி. ஆனால் இதைத் துணைத் தொழில் என்று எங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை? நேரில் வந்து விளக்கவும்.

யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேறு யாருமில்லை, நானேதான். காப்பி குடிக்கும் நேரத்தில் என் துறைத் தலைவரிடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் மெர்சி, ஊர் ஆம்பூர். வேலூரில் நர்சிங் படித்த என் கணவருக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது, கைக்குழந்தையாக இருந்த மகள் ரூத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது அவள் என்னைவிட உயரம். நாங்கள் இருக்கும் ஆஃபன்பாக் ஒரு காலத்தில் தோல் பைகளுக்குப் பேர்போன ஊராம். ஆம்பூரிலிருந்து கிளம்பி இத்தனை நாடு தாண்டி இன்னொரு தோல் ஊருக்கா வந்து சேர வேண்டும் என்று என் அண்ணன் இன்றைக்கும் கேலி செய்கிறான்.

என் வேலை, முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் கணினியில் செய்யும் பயிற்சிக் கணக்குகளைத் தயாரிப்பது. வெறும் கேள்வி பதில் அல்ல. சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். மாணவர் திரையில் அந்த ஏணியின்மேல் செயல்படும் விசைகளை ஒவ்வோர் அம்பாக இழுத்து வைக்க வேண்டும். தப்பான பக்கம் வைத்தால் அம்பு சிவப்பாகும். தடுமாறினால் ‘குறிப்பு’ என்ற பொத்தானை அழுத்தலாம். உடனே விடையைச் சொல்லிவிடாது. ‘பூமி இந்த ஏணியை எந்தப் பக்கம் இழுக்கிறது?’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காபோல ஒரு கேள்வி கேட்கும். படம் சரியானால் சமன்பாடு, சமன்பாடு சரியானால் எண். யார் எந்தப் படியில் நிற்கிறார், எத்தனை முறை குறிப்புக் கேட்டார் என்பதெல்லாம் ஆசிரியர் திரையில் தெரியும்.

2

என்னோடு பொறியியல் படித்த சாலமன் இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் ஆசிரியர். போன ஆண்டு ஒருநாள் போன் செய்தான்.

“இன்னா மெர்சி, வெள்ளக்காரப் பசங்களுக்குதான் சொல்லிக் குடுப்பியா? நம்ம பசங்க மெக்கானிக்ஸ்ல கொத்தா ஃபெயிலாயிட்டாங்க. அந்தக் கம்ப்யூட்டர் வாத்தியார கொஞ்சம் இங்க அனுப்பேன்.”

“அனுப்ப முடியாது, அது கல்லூரிச் சொத்து. வேற ஒண்ணு பண்ணலாம்” என்றேன்.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் கணக்குகளை முதலிலிருந்து நானே எழுதினேன். குறிப்புகளை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதினேன். ‘அவசரப்படாத. தரை ஏணிய இன்னா பண்ணுது, பாரு’ என்று அது சொல்லும். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. நான் வாய்விட்டு இப்படிப் பேசிப் பதினைந்து வருஷம் ஆகிறது.

வாரம் முழுக்கப் பிள்ளைகள் செல்போனில் கணக்குப் போடுவார்கள். சனிக்கிழமை எனக்கு மதியம், அவர்களுக்குச் சாயங்காலம், எல்லோரும் நேரலையில் கூடுவோம். எல்லோரும் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவர்கள். அதில் மாதனூர்ப் பக்கத்துப் பெண் ஜெனிபரைப் பற்றிச் சாலமன் தனியாகச் சொன்னான்.

“அப்பா இல்ல. அம்மா ஷூ கம்பெனில ஸ்டிச்சிங். இந்த வாட்டியும் போச்சுன்னா காலேஜ் கட், கம்பெனிக்கு வந்துடுன்னு அம்மா சொல்லிட்டாங்களாம். அந்தப் பொண்ண மட்டும் எப்படியாச்சும் கரையேத்திடு மெர்சி.”

கரையேற்றுகிறேன் என்று நானும் வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

3

முதல் சில வாரங்கள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடுத்த கணக்கெல்லாம் புதன்கிழமைக்குள் முடிந்துவிடும். எல்லாப் பெயருக்கும் நேராகப் பச்சை. காப்பி அடிக்கிறார்களோ என்ற சந்தேகமும் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் மென்பொருள் வெவ்வேறு எண்களைக் கொடுக்கும். ஒருத்திக்கு ஏணி குட்டை, இன்னொருவனுக்கு நெட்டை. ஒருவர் விடையை மற்றவர் எழுத வழியே இல்லை.

இன்னும் பெருமையான விஷயம், ஒருவரும் குறிப்புப் பொத்தானைத் தொடவே இல்லை. என் ஜெர்மன் மாணவர்கள் தண்ணீர் குடிப்பதுபோல அதை அழுத்துவார்கள். படித்துப் பார்க்கும் முன்பே அழுத்துகிறவர்களும் உண்டு. எங்கள் பிள்ளைகள் அழுத்தவில்லை. துறைத் தலைவரிடம் பீற்றிக்கொண்டது இதைத்தான்.

வகுப்பும் கலகலப்பாக இருந்தது. ‘மிகச் சரி’ என்பதற்கு ஜெர்மானியர்கள் ‘கெனாவ்’ என்பார்கள், மூச்சுக்கு மூச்சு. பல வருஷப் பழக்கத்தில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் அதைச் சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாள் விக்னேஷ் என்ற பையன், “மேடம், ஆன்சர் கெனாவா?” என்று கேட்டான். அது ஏதோ மெக்கானிக்ஸ் சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்! நான் விளக்கியபிறகும் விடவில்லை. சாலமனும் இப்போது கேன்டீனில் டீ நன்றாக இருந்தால் கெனாவ் என்கிறானாம்.

நான் சிரிக்கும் சத்தம் கேட்டு ரூத் கதவைத் திறந்து பார்ப்பாள். அவளுக்கும் இயற்பியலில் தகராறுதான். ஆனால் என்னிடம் வர மாட்டாள். நான் உதவட்டுமா என்று கேட்டால் ஜெர்மனில், “எல்லாம் சரியாகத்தான் போகிறது” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். ஜெர்மனில் கேட்டால் என் உச்சரிப்பில் திருத்தம். ஊர்ப்பிள்ளைகளுக்கு மேடம், சொந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வலிக்கத்தான் செய்தது.

4

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வாரக் கணக்குகளைத் திறந்து பார்த்தால் எல்லாப் பெயரும் முதல் படியிலேயே நிற்கிறது. ஒருவர்கூடப் படம் போடவில்லை. மென்பொருள் பழுதாகிவிட்டது என்று நினைத்து அரைமணி நேரம் அதை நோண்டினேன். அதில் ஒரு குறையும் இல்லை. நேரலை தொடங்கியதும் கேட்டேன்.

“இன்னா ஆச்சு? ஏன் ஒருத்தரும் ஆரம்பிக்கல?”

ஜெனிபர்தான் பேசினாள்.

“ஷபானா இல்ல மேடம். வாணியம்பாடில அவ மாமா வீட்டுக் கல்யாணம். வாரம் பூரா லீவு.”

“ஷபானா லீவுன்னா உனக்கு இன்னா?”

“படம் ஷபானா டிபார்ட்மென்ட் மேடம்.”

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லோர் கணக்குக்கும் படம் போடுவது அவர்களோடு படிக்கும் ஷபானா. போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவாள். அதைப் பார்த்துச் சமன்பாடு எழுதுவது விக்னேஷ். அவரவர் எண்களைப் போட்டு எல்லோருக்கும் விடை கண்டுபிடித்துக் கொடுப்பது ஜெனிபர். சரிபார்க்க இரண்டு பேர். பிறகு அவரவர் போனில் ஏற்றிக்கொள்வார்கள்.

“அப்ப உன் டிபார்ட்மென்ட்டுக்கு இன்னா பேரு?”

“ஃபினிஷிங் மேடம்.”

நான் கோபப்படுவதற்குள் சிரித்துவிட்டேன். தலையெழுத்தே என்று ஆகிவிட்டது. ஷூ கம்பெனியில் தோலை வெட்டுவது ஒருவர், தைப்பது ஒருவர், அச்சில் ஏற்றுவது ஒருவர், கடைசியில் துடைத்து மெருகேற்றுவது ஒருவர். அந்த வரிசைக்கு எங்கள் பக்கத்தில் ‘லைன்’ என்று பெயர். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அம்மாவோ அக்காவோ அந்த லைனில் உட்கார்ந்திருப்பவர்கள். வேலை என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள், என் கணக்கையும் லைனில் ஓட்டிவிட்டார்கள்.

“இது தப்பு ஜெனிபர்” என்றேன்.

“எது மேடம் தப்பு? எங்கம்மா இத்தினி வருசமா கம்பெனில இருக்காங்க, ஒரு ஷூவ முழுசா தனியா செஞ்சது இல்ல. அதுக்காக ஷூ வராமயா போச்சு?”

அவள் எதிர்த்துப் பேசவில்லை, உண்மையாகவே கேட்டாள். யோசித்துப் பார்த்தால், ஏமாற்றும் பிள்ளைகள் செய்யும் வேலையில்லை இது. எல்லோருடைய எண்களையும் போட்டுப் பார்க்க ஜெனிபர் அவளுக்குரியதைவிடப் பல மடங்கு உழைத்திருக்கிறாள். ஊர் கூடித் தேர் இழுத்திருக்கிறார்கள்.

“சரி. இப்ப நீ ஒரு படம் போடு, பாக்கலாம்” என்றேன்.

திரையில் ஏணி வந்தது. ஜெனிபர் அம்பை எடுத்தாள். அங்கும் இங்கும் நகர்த்தினாள். ஏணியின் எடை நேராகக் கீழேதான் இறங்கும். அவள் அதை ஏணி சாய்ந்திருக்கும் திசையிலேயே சாய்த்து வைத்தாள். அம்பு சிவந்தது. இன்னொரு முறை. அதுவும் சிவப்பு. குறிப்புப் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. பிறகு கைத்தொலைபேசியைக் கவிழ்த்துவிட்டாள் போலிருக்கிறது, திரை இருட்டானது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

பரீட்சைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. பரீட்சை ஹாலில் ஷபானா வேறு வரிசையில் உட்கார்ந்திருப்பாள். படம் தப்பானால் அதற்குப்பிறகு எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டும் பயனில்லை. கரையேற்றுகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தவள் நான்.

5

சாலமனுக்குப் போன் செய்து திட்டினேன். உன் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது, நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?

“நீ மட்டும் இன்னா பாத்த? உன் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்ன. இது ஏன் தெரியல?” என்றான். பிறகு, “பேஜார் பண்ணாத மெர்சி. இப்ப இன்னா பண்லாம், அத்தச் சொல்லு” என்றான்.

என்ன செய்வதென்று தெரியாமல்தான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரூத் தண்ணீர் எடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். ஆற்றாமையில் கொட்டிவிட்டேன். தெரியாவிட்டால் குறிப்பைக் கேட்க வேண்டியதுதானே, அதற்காகத்தானே ராவும் பகலும் எழுதி வைத்தேன், ஏன்தான் அழுத்த மாட்டேன் என்கிறார்களோ!

ரூத் ஜெர்மனில் கேட்டாள். “அவர்கள் அழுத்தினால் உனக்குத் தெரியுமா?”

“தெரியும். கணக்கு வரும்.”

“நீ பார்த்துக்கொண்டிருந்தால் நானும் அழுத்த மாட்டேன்” என்றாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெங்காயம் அப்படியே கிடந்தது. எங்கள் ஊர் வகுப்பறையில் தெரியாது என்று கை தூக்கியவர் யார்? நான் தூக்கியிருக்கிறேனா? சார் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலையை ஆட்டிவிட்டு, பிறகு தோழியின் நோட்டை வாங்கிப் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் ஷபானா இருந்தாள். அவளிடம் கேட்டால் யாரும் கணக்கு வைக்க மாட்டார்கள். என் மகளுக்கோ இந்த வீட்டில் ஷபானாவும் இல்லை.

6

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளிடம் சொன்னேன்: குறிப்புக் கேட்டதை எண்ணும் கட்டத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் எத்தனை முறை அழுத்தினாலும், எத்தனை அம்பு சிவந்தாலும் எனக்குத் தெரியாது.

“நெஜமாவா மேடம்?” என்றான் விக்னேஷ்.

“சத்தியமா.”

“சாலமன் சாருக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

யாரோ மைக்கை மூட மறந்திருந்தார்கள். கண்ணாடித் திரையில் நகம் தட்டும் சத்தம் டொக், டொக் என்று கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லைனை நான் உடைக்கவில்லை. உடைக்காமலே சமாளிக்க வழி சொன்னவள் ஜெனிபரேதான். “லைன்ல எல்லா மிஷினும் தெரிஞ்சவங்க ஓர்த்தர் இருப்பாங்க மேடம். யாரு லீவுன்னாலும் அவங்கள அங்க உக்கார வெப்பாங்க. நாங்க எல்லாரும் அந்த மாதிரி ஆயிட்டா?” என்றாள். வாரத்துக்கு வாரம் இடம் மாறுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். முதல் வாரம் ஷபானா கணக்குப் போட்டாள். அவள் விடையின்படி அந்த ஏணியை யானை கட்டி இழுத்தாலும் நகராது. “எனக்குப் படமே போதும், ஆள உடுங்கப்பா” என்று கெஞ்சினாள். ஒருவரும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவரவர் தனியாக ஒரு முழுக் கணக்குப் போட வேண்டும் என்பது என் நிபந்தனை.

பார்க்காமல் இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பச்சையும் சிவப்பும் பார்த்துப் பழகிய கண். ஜெனிபர் தேறுகிறாளா, அழுதுகொண்டிருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. எடுத்த கட்டத்தை ஒருநாள் மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. வீட்டிலும் ரூத்தின் கதவைத் தட்டி உதவட்டுமா என்று கேட்பதை நிறுத்தினேன். அவள் புத்தகத்தோடு வந்துவிட்டாள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. கதவை முழுக்கச் சாத்துவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

7

பணியாளர் பிரிவு எனக்கு நாள் கொடுத்தது. அதே நாள் பிற்பகல் அங்கே ஊரில் மெக்கானிக்ஸ் பரீட்சை. இங்கே காலை. தேதியை மாற்றித் தருவீர்களா என்று கேட்கலாம். கேட்டால் அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பேசாமல் போனேன்.

என்னைவிட வயதில் சிறிய அம்மையார். கனிவாகத்தான் கேட்டார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? பணம் உண்டா? கல்லூரியின் கணினியைப் பயன்படுத்துகிறீர்களா? நான் பதில் சொல்லச் சொல்ல, மனம் எங்கோ ஒரு ஹாலில் ஃபேன் சுற்றும் வெக்கையில் ஜெனிபர் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இந்நேரம் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். இந்நேரம் படம் போட ஆரம்பித்திருப்பாள்.

“இந்தப் பணியை எப்போது வேண்டுமானாலும் உங்களால் நிறுத்த முடியுமா?” என்று அவர் கேட்டார்.

முடியும் என்பதுதான் சரியான பதில். அப்படிச் சொல்லச் சொல்லி என் கணவர் முந்தின நாளே பாடம் நடத்தியிருந்தார். “முடியாது” என்று சொல்லிவிட்டேன்.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். மொழித் தவறு என்று நினைத்திருக்க வேண்டும். மெதுவாக, எளிய ஜெர்மனில் அதே கேள்வியை மறுபடி கேட்டார். நான் சுதாரித்துக்கொண்டு முடியும் என்றேன். “கெனாவ்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

8

ரிசல்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன்னதாகவே எனக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. ஓராண்டுக்கு, சம்பளமில்லாமல் உழைக்கத் தடையில்லை.

ரிசல்ட் வந்த அன்று ஷபானாவும் விக்னேஷும் உடனே செய்தி அனுப்பினார்கள். இருவரும் பாஸ். ஜெனிபரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சாலமன் போனை எடுக்கவில்லை. செய்த சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பதே தெரியவில்லை. மதியம் தாண்டி, ஜெனிபர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பஸ் இரைச்சல்.

“மேடம், நா ஜெனிபரோட அம்மா ஸ்டெல்லா பேசறேன். காலைல அவ போன மாத்தி எடுத்தாந்துட்டேன். எம் போன்ல உங்க நம்பர் இல்ல, அதுலேந்து கம்பெனிக்கே அடிச்சு சொன்னா. பாஸ் மேடம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

சந்தோஷம்மா, ரொம்பச் சந்தோஷம் என்று மட்டும் சொன்னேன்.

“ஒண்ணு சொல்லணும், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஆனா கம்பெனி பஸ்ல எம் பக்கத்து சீட்ட இவளுக்குன்னு சொல்லி வெச்சிருந்தேன். ஜன்னலோரம். அது பஸ்ல வாந்தி எடுக்கும், அதுக்குதான்.”

“இனிமே நீங்க வசதியா உக்காந்துட்டு போங்க” என்றேன்.

“எங்க மேடம்? வேணாம்னு சொன்ன ஒடனே, சாயங்கால டிரிப்லயே வேற பொண்ணு வந்து உக்காந்துடுச்சி. புதுசா சேந்துகீது. இன்ஜினியரிங் சேந்து பாதில உட்டுட்டு வந்துதாம்.”

பஸ் எங்கோ நின்று கிளம்பியது. சந்தோஷத்தோடு போனை வைத்துவிடலாம். வைக்க மனம் வரவில்லை.

“ஸ்டெல்லாம்மா, அந்தப் பொண்ணுக்கு எத்தனை பேப்பர் அரியர்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

“கேட்டுட்டேன் மேடம். மூணாம். அதுல ஒண்ணு உங்க கணக்குதான். இருங்க, போன அதுகிட்டத் தர்றேன்.”